கெட்டுப்போக மறுத்த தீனி

1

இந்தக் கதை ஒரு கிண்ணம் எலித்தீனியிலிருந்து பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை எழுதுகிறவர்களைக் கேட்டால் ரயில் பயணம், மழை, கைகூடாத காதல் என்று எதையாவது அளப்பார்கள். எனக்கு வாய்த்தது எலித்தீனி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணி அதை ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டுச் சாப்பாட்டு மேசையில் கொண்டுவந்து வைத்தாள். பழுப்பு நிறத்தில் குட்டிக் குட்டி உருளைகள். பார்வைக்கு ஏதோ புது ரக நொறுக்குத்தீனி மாதிரி இருந்தன. அவள் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டான்.

“உப்பு பத்தல,” என்றான்.

“அது எலிக்கு,” என்றாள் அண்ணி.

அண்ணன் மெல்லுவதை நிறுத்தினான். துப்புவதா விழுங்குவதா என்று அவன் முகத்தில் ஒரு விவாதமே நடந்தது. கடைசியில் விழுங்கினான். அவன் லிஃப்ட் மெக்கானிக். எதுவும் பாதியில் நிற்பது அவனுக்குப் பிடிக்காது.

எனக்குச் சிரிப்பில் புரையேறியது. அண்ணி சிரிக்கவில்லை. கிண்ணத்தை என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

“மோந்து பாரு. என்ன வாசனை வருது?”

“மாவு வாசனை. கொஞ்சம் காய்ஞ்ச மீன் மாதிரி.”

“சிக்கு வாடை அடிக்குதா? பழைய எண்ணெய் மாதிரி?”

“இல்லையே. நல்லாத்தானே இருக்கு.”

அண்ணி நாற்காலியில் உட்கார்ந்தாள். யாரோ தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்த மாதிரி இருந்தது.

“போச்சு,” என்றாள்.

எதற்கும் அசராத ஒருத்தி வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததால்தான் இவ்வளவையும் எழுத உட்கார்ந்தேன்.

2

தொடக்கத்தை எழுதிப் பார்த்ததில் இன்னும் மூன்று இருந்தன. தூக்கிப்போட மனமில்லாமல் இங்கே விட்டுவைக்கிறேன்.

(அ) “விலங்கு அறையில் விளக்கு எரியும்போது வெள்ளை எலிகள் உறங்கப் போகும், மனிதர்கள் வேலைக்கு வருவார்கள்.” நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் அந்த அறைக்குள் போனதில்லை. உள்ளே போகிறவர்கள் குளித்து, உடை மாற்றி, தொப்பியும் முகமூடியும் போட்டுக்கொள்ள வேண்டும். வெளியாட்களுக்கு அனுமதியே கிடையாது. வாசலில் உள்ள காவலாளியைத் தாண்டி என் கற்பனை போகவில்லை.

(ஆ) “தலைக்கனம் பிடித்த ஒருத்தியின் கதை இது.” அண்ணி படித்துவிட்டு, “பரவால்ல, இந்தத் தடவை உண்மையை எழுதியிருக்க,” என்றாள். அதனாலேயே அடித்துவிட்டேன். அவளிடம் திட்டு வாங்காத வாக்கியத்தை நம்புவதற்கில்லை.

(இ) “நாத்தனார் ஒருத்தி அண்ணியைப் பற்றி எழுதப் புகுந்தால்

இதை முடிக்கவில்லை. எப்படி முடித்தாலும் நீங்கள் ஒரு மாதிரியாகத்தான் சிரிப்பீர்கள்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுச் சாமான்களுக்கு உபயோகக் குறிப்பு எழுதுவது என் பிழைப்பு. “ஈரக் கையால் தொடாதீர்கள்” என்று நீங்கள் படிக்காமல் தூக்கிப்போட்ட தாளை எழுதியவள் நானாகவும் இருக்கலாம். மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன். அண்ணனும் அண்ணியும் இருக்கும் அதே வீட்டில், பின்பக்க அறையில்.

அண்ணி ஓர் ஆய்வகத்தில் தலைமை ஆய்வாளர். உணவில் சேர்க்கிற பொருட்களை விலங்குகளுக்குக் கொடுத்து, அவை உடம்புக்குள் என்ன செய்கின்றன என்று பார்ப்பது அவள் வேலை. அவளுக்கு வாய்த்த பெரிய கருவி மூக்கு. சமையலறையில் எண்ணெய் பாட்டிலைத் திறந்தால் கூடத்திலிருந்தே, “அதைக் கொட்டிடு, போன மாசத்தோட அது ஆயுசு முடிஞ்சிருச்சு,” என்பாள். அண்ணன் தெரியாமல் தெருமுனைக் கடையில் வறுவல் தின்றுவிட்டு வந்தால், எந்தக் கடை என்பதுவரை சொல்லிவிடுவாள். வீட்டில் யாராலும் பொய் சொல்லி வாழ முடிந்ததில்லை.

அவளுக்குத் தன் மூக்கைப் பற்றி, தன் படிப்பைப் பற்றி, தன் கையெழுத்தைப் பற்றி அசாத்தியப் பெருமை. அடக்கம் என்பதை யாரோ வேலையில்லாதவர்கள் கண்டுபிடித்தார்கள் என்பது அவள் கட்சி.

3

கதை இங்கே கொஞ்சம் கட்டுரையாகும். பொறுத்துக்கொள்ளுங்கள், சீக்கிரம் திரும்பிவிடுவேன்.

ஆண்டிஆக்ஸிடன்ட் என்ற சொல் உங்கள் காதில் விழாமல் இருக்காது. பாடப்புத்தகத்தில் அதற்கு ஆக்சிஜனேற்றத் தடுப்பான் என்று பெயர். எண்ணெயையும் கொழுப்பையும் காற்றுபட விட்டால் நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும் அல்லவா, அதைத் தடுக்கிற பொருள். சில காய்கனிகளில் தானாகவே இருக்கின்றன. சிலவற்றை ஆலையில் செய்து வறுவலிலும் பிஸ்கட்டிலும் கலக்கிறார்கள்.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று உண்டு. முகப்பூச்சு டப்பாவின் முன்பக்கத்தில் இந்தச் சொல் தங்க எழுத்தில் மின்னும். வறுவல் பாக்கெட்டின் பின்பக்கத்தில் அதே வகைப் பொருள் எறும்பு எழுத்தில், ஓர் எண்ணுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். முன்பக்கம் இருந்தால் மாப்பிள்ளை மரியாதை. பின்பக்கம் இருந்தால் திருடனைப் பார்க்கிற பார்வை. தெரிந்தவர்களைக் கேட்டால் ஒன்று அமுதம் என்பார்கள், இல்லாவிட்டால் விஷம் என்பார்கள். அண்ணியைக் கேட்டால் அவள் நம்மையே திருப்பிக் கேட்பாள்.

“எவ்வளவு? யாருக்கு? எத்தனை நாளைக்கு? இந்த மூணையும் கேக்காம நல்லது கெட்டது பேசறவங்ககூட நான் பேசறதில்ல.”

(அந்தக் கணக்கில் எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப்பேரோடு அவள் பேசுவதில்லை.)

அந்த மூன்றுக்கும் பதில் தேடித்தான் எலிகள் வருகின்றன.*

* எலியின் இரைப்பையில் மனிதனுக்கு இல்லாத ஒரு முன்னறை உண்டு. சில பொருட்கள் அந்த முன்னறையில் மட்டும் கோளாறு செய்யும். உடனே “நமக்குத்தான் அந்த அறையே இல்லையே” என்று ஒரு தரப்பும், “இருந்தாலும்” என்று இன்னொரு தரப்பும் மல்லுக்கு நிற்பார்கள். இந்தக் கதைக்கு இது தேவையில்லை. தெரிந்துகொண்டதை வீணாக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

4

இப்போது அந்த ஆய்வு.

புதிதாக ஒரு தடுப்பான். நொறுக்குத்தீனி செய்யும் ஒரு நிறுவனம் அதைத் தன் பாக்கெட்டுகளில் சேர்க்க விரும்பியது. சேர்க்கலாமா என்று அண்ணியின் ஆய்வகம் சொல்ல வேண்டும். எலிகளை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். சிவப்பு அட்டை தொங்கிய கூண்டுகளுக்கு அந்தப் பொருள் நிறையக் கலந்த தீனி. மஞ்சள் அட்டைக்குக் கொஞ்சம் கலந்தது, அதாவது நாம் பாக்கெட்டிலிருந்து தின்னப்போகிற அளவு. வெள்ளை அட்டைக்கு எதுவும் கலக்காதது. வெள்ளைக் கூட்டத்தை ஆய்வகத்தில் கண்ட்ரோல் என்பார்கள். அதை அளவுகோலாக வைத்துத்தான் மற்றதையெல்லாம் அளக்க முடியும்.

கடையில் கிடைக்கிற எலித்தீனியை அண்ணி நம்பவில்லை. “அதுல யார் யார் என்னென்ன போட்டிருக்காங்களோ,” என்று சொல்லி, தானே ஒரு செய்முறை எழுதினாள். கோதுமை, சோளம், மீன்தூள், எண்ணெய். தீனி அரைக்கும் ஆலைக்காரரைக் கூப்பிட்டு, கெட்டுப்போகாமல் இருக்க எதையும் சேர்க்கக் கூடாது என்று அடித்துச் சொன்னாள். அண்ணன் தன் கல்யாண ஆல்பத்தைக் காட்டும்போதுகூட அத்தனை பெருமைப்பட மாட்டான். அந்தத் தீனியைப் பற்றி இவள் அவ்வளவு பெருமையாகப் பேசுவாள்.

எலிகள் தின்றன, வளர்ந்தன, கிழடாயின. ஆய்வு முடிந்தபோது அவற்றின் உள்ளுறுப்புகளை ஒவ்வொன்றாகக் கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்த்தாள். சிவப்புக் கூட்டத்தின் கல்லீரல் கொஞ்சம் பருத்திருந்தது, அது எதிர்பார்த்ததுதான். மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் வித்தியாசமே இல்லை. அதை வைத்து அறிக்கையில் ஒரு வாக்கியம் எழுதினாள்: “குறைந்த அளவில் தீங்கு ஏதும் காணப்படவில்லை.”

எத்தனையோ பேருக்கு வாழ்நாளெல்லாம் எழுதினாலும் இப்படி ஒரு வாக்கியம் அமையாது. ஊரிலுள்ள குழந்தைகள் எல்லாம் அந்த வாக்கியத்தை நம்பி வாயைத் திறக்கப் போகிறார்கள். நான் எழுதிய “ஈரக் கையால் தொடாதீர்கள்” அதற்குப் பக்கத்தில்கூட வராது.

மிச்சத் தீனி மூட்டைகள் குளிர் அறையில் இருந்தன. வேறொரு குழுவுக்கு இடம் வேண்டும் என்று யாரோ அவற்றைக் கொதிகலன் அறைக்குப் பக்கத்து நடைபாதையில் தள்ளிவிட்டார்கள். அப்படியே மறந்தும் போனார்கள். நல்ல வெக்கை அங்கே. அண்ணி ஒருநாள் அந்தப் பக்கம் போனவள், அப்புறப்படுத்தச் சொல்லலாம் என்று நின்றாள். வெள்ளை அட்டை மூட்டையின் வாயைக் கத்தரிக்கோலால் வெட்டினாள். மீனும் எண்ணெயும் கலந்த தீனி, தடுப்பான் இல்லாதது, இத்தனை நாள் வெக்கையில் கிடந்திருக்கிறது. நாற்றம் குடலைப் பிடுங்கும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் வெட்டினாள்.

மூச்சை விட்டாள். இழுத்தாள். ஒன்றுமில்லை.

முதலில் தன் மூக்கைச் சந்தேகப்பட்டாள். சரித்திரத்திலேயே அதுதான் முதல்முறை. ஜலதோஷமாக இருக்கும் என்று, ஒரு பை நிறைய அள்ளி எங்கள் மூக்குகளுக்குக் கொண்டுவந்தாள்.

5

“கெட்டுப்போகணும்டி,” என்றாள் அண்ணி, கிண்ணத்தைப் பார்த்தபடி. “இந்நேரம் நாறி, கிட்ட போக முடியாம இருக்கணும். கெட்டுப்போகலன்னா உள்ள யாரோ காவல் இருக்காங்கன்னு அர்த்தம்.”

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்புமுன்பே ஆலைக்காரரைப் போனில் பிடித்தாள். கையில் சீப்பு இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். நானும் கேட்டேன்.

“சத்தியமா நாங்க ஒண்ணும் சேர்க்கல மேடம். உங்க ஆர்டர்னா மெஷினைக் கழுவிட்டுத்தான் ஓட்டறோம்.”

“மீன்தூள்?”

“அது வெளியில வாங்கறது. நல்ல சரக்கு மேடம்.”

மீன்தூள் வியாபாரியின் நம்பரை வாங்கினாள். மீன்தூளில் தடுப்பான் ஏதாவது சேர்க்கிறீர்களா என்று இவள் கேட்டதற்கே அந்த ஆள் சிரித்துவிட்டார்.

“போடாம எப்படி மேடம் அனுப்பறது? மீன்தூள் மூட்டைக்குள்ளயே சூடாகும். புகைஞ்சு பத்திக்கும். லாரியோட எரிஞ்சா யாரு பதில் சொல்றது? எங்க லைன்ல எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானே.”

“எனக்குத் தெரியல,” என்றாள் அண்ணி.

இந்த வீட்டில் அந்த வாக்கியத்தை அவள் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. பல் தேய்த்துக்கொண்டிருந்த அண்ணன்கூட எட்டிப் பார்த்தான்.

“டெஸ்ட் பண்ணியிருப்பீங்கல்ல அண்ணி?” என்று கேட்டேன்.

“பண்ணோம். நாங்க கலக்கற பொருள் வெள்ளைத் தீனியில இருக்கான்னு தேடினோம். இல்ல. மீன்தூள்ல இருந்தது வேற. அதோட ஒண்ணுவிட்ட தம்பின்னு வெச்சுக்கோ. பேர் வேற, முகம் வேற. கல்லீரலுக்குள்ள போனா ரெண்டு பேரும் ஒரே சேட்டைதான்.”

அன்று மாலைக்குள் ஆய்வகத்தில் சோதித்து உறுதி செய்துவிட்டாள். வெள்ளைக் கூட்டம் ஆயுள் முழுக்கத் தம்பியைத் தின்றிருந்தது. மஞ்சள் கூட்டம் தம்பியோடு அண்ணனையும், அதாவது அந்தப் புதுத் தடுப்பானையும், தின்றிருந்தது. இரண்டும் ஒரே மாதிரி இருந்தன என்று சொல்வதில் இனி அர்த்தமே இல்லை. அந்த அழகான வாக்கியம் காலியாகிவிட்டது.

தீங்கு இருக்கிறது என்றும் இல்லை, கவனியுங்கள். தெரியாது. அவ்வளவுதான் இப்போது சொல்ல முடியும்.

6

இந்த இடத்தில் எனக்குக் கதாபாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது.

கதை கட்டுகிறவளுக்கு இது லட்டு மாதிரி வாய்ப்பு. தலைக்கனம் பிடித்தவள், தன் கையால் எழுதிய செய்முறையாலேயே கவிழ்கிறாள். கண்ணீர், தலைகுனிவு, கடைசிப் பக்கத்தில் ஒரு புதிய பணிவு. நான் அப்படித்தான் திட்டம் போட்டேன். “அன்று முதல் அவள் குரல் தணிந்தே

தணியவில்லை. அதனால் அந்த வாக்கியத்தை அங்கேயே விட்டேன்.

நிலைமை இதுதான். அறிக்கை அச்சாகி, அவள் கையெழுத்துக்காக மேசையில் இருந்தது. அது கையெழுத்தானதும் இயக்குநர் அவளைத் துறைத் தலைவராக அறிவிப்பதாக இருந்தார். அந்த நாற்காலிக்காக அவள் எத்தனை வருடம் உழைத்தாள் என்பது எங்களுக்குத் தெரியும். மூட்டைகளை அப்புறப்படுத்திவிட்டால், விஷயம் தெரிந்தவர்கள் எங்கள் வீட்டில் மூன்று பேர் மட்டும்தான். அதிலும் ஒருவன் சாட்சியத்தை விழுங்கிவிட்டான்.

நான்தான் வாயைத் திறந்தேன். “யாருக்குத் தெரியப் போகுது அண்ணி? அந்த மீன்தூள்தான் எல்லா இடத்துலயும் போகுது. கோழி தின்னுது, நாய் தின்னுது. நீங்க ஒண்ணும் வேணும்னு பண்ணலயே.”

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். சுருட்டிய ஈரத் துண்டை விரித்துக் கொடியில் போட்டபடி நிதானமாகச் சொன்னாள்.

“எலிக்கு வாந்தி எடுக்க வராது. தெரியுமா உனக்கு?”

“தெரியாது.”

“அதோட உடம்பு அமைப்பு அப்படி. நாம கொடுத்தது ஒத்துக்கலன்னா நாயும் பூனையும் கக்கிடும். எலியால முடியாது. உள்ள போனது உள்ளதான். அதனால கொடுக்கறவங்களுக்கு என்ன கொடுக்கறோம்னு தெரிஞ்சிருக்கணும். என் எலிங்களுக்கு நான் என்ன கொடுத்தேன்னு எனக்கே தெரியாம இருந்திருக்கேன். அதுங்க ஆயுசையே கொடுத்துச்சுங்க. ஒரு பதிலுக்காகத்தான் கொடுத்துச்சுங்க. பதில்னு நான் ஒரு பொய்யை எழுதி வெச்சிட்டு, கீழ துறைத் தலைவர்னு கையெழுத்துப் போடவா?”

அண்ணன் கதவருகில் கருவிப்பெட்டியோடு நின்றுகொண்டிருந்தான். “லிஃப்ட்ல சத்தம் வந்தா நிறுத்திடணும்,” என்றான். “உள்ள பெரிய மனுஷன் இருந்தாலும் நிறுத்திடணும். திட்டுவான். அப்புறம் படியில ஏறிப் போவான்.”

“உங்க ஆளு எவ்வளவு அழகா பேசறாரு பாத்தீங்களா அண்ணி,” என்றேன்.

“எலித்தீனி தின்னா மூளை வளருது போல,” என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் உடைத்துக் காட்ட நினைத்த அந்தப் பெருமைதான் இவளை நிறுத்தி வைத்திருக்கிறது. தன் கையெழுத்தின் மேல் பெருமை இல்லாதவள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பாள்.

7

அறிக்கைக்காக ஆய்வகத்தில் கூடிய கூட்டத்தில் நான் இல்லை. அதனால் முதலில் என் கற்பனை.

“நீள்மேசையைச் சுற்றி எல்லோரும் அமர்ந்திருந்தார்கள். அண்ணி எழுந்தாள். அவள் விரல்கள் நடுங்கின. தொண்டை அடைத்தது.”

இதை அவளிடம் படித்துக் காட்டினேன்.

“நடுங்கல,” என்றாள்.

“கொஞ்சம் நடுங்கினா வாசகருக்குப் பிடிக்கும் அண்ணி.”

“வாசகரை அவங்க வீட்ல நடுங்கச் சொல்லு. நடுங்கலன்னு எழுது.”

நடுங்கவில்லை.

நடந்தது இது. அண்ணி அதே எவர்சில்வர் கிண்ணத்தைக் கொண்டுபோயிருந்தாள். அறிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், கிண்ணத்தைச் சுற்றில் விட்டாள். ஒவ்வொருவராக முகர்ந்தார்கள். என்னவோ பரிசளிப்புக்கு முன் நடக்கும் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள். கடைசியில் கிண்ணம் இயக்குநரிடம் போனது.

“நல்லாத்தானேம்மா இருக்கு?” என்றார் அவர்.

“அதான் சார் பிரச்சினை. இது வெக்கையில கிடந்த வெள்ளைத் தீனி.”

சிரிப்பு நின்றது. அந்த மேசையைச் சுற்றியிருந்தவர்கள் எல்லோருக்கும் வேலை தெரியும். யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கணக்குப் பார்க்கும் புள்ளிவிவரக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். இயக்குநர் கிண்ணத்தை இன்னொரு முறை முகர்ந்து பார்த்தார், இந்தத் தடவையாவது நாறாதா என்கிற ஆசையோடு.

“யாரோட தப்பு இது? ஆலையா?”

“என்னோடது. செய்முறை என்னோடது. மீன்தூளைப் பத்தி நான் கேட்டிருக்கணும், கேக்கல. கண்டுபிடிச்சதும் நான்தான். ரெண்டுக்கும் என் பேரையே போடுங்க.”

இயக்குநர் கெட்டவர் இல்லை. அவருக்கு மேலேயும் ஆட்கள் இருக்கிறார்கள், அந்த நிறுவனம் தினமும் போன் செய்கிறது. யோசித்துவிட்டுச் சொன்னார்: “இவ்வளவு வேலையையும் தூக்கிப்போட முடியுமா? தீனியில இப்படி ஒண்ணு இருந்துச்சுன்னு ஒரு அடிக்குறிப்பு போட்டுடலாமே.”

“அடிக்குறிப்பை யார் சார் படிக்கறாங்க?”

இயக்குநர் கிண்ணத்தை மேசைமேல் வைத்துவிட்டார்.

“இது அடிக்குறிப்பு இல்ல சார். இது மட்டும்தான் இப்ப அறிக்கை. மத்ததெல்லாம் இதுக்கு அடிக்குறிப்பு. வெள்ளைத் தீனியைச் சரியா பண்ணி மறுபடி செய்யணும். அதுவரைக்கும் என் கையெழுத்து என்கிட்டயே இருக்கும்.”

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாளாம். எழுதும்போது எனக்கு நெஞ்சு விம்மியது என்பதை மறைக்கப் போவதில்லை. என் அண்ணி. எங்கள் வீட்டு அண்ணி. இரத்த சம்பந்தம் இல்லாவிட்டாலும் அந்த வாக்கியத்தில் எனக்கும் பங்கு உண்டு என்று அன்று முழுக்க வீட்டுக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

(மூன்றாம் பகுதியில் நான் நட்சத்திரக்குறி போட்டு ஓர் அடிக்குறிப்பு எழுதியிருந்தேன். இனிமேல் இந்தக் கதையில் அடிக்குறிப்பு கிடையாது.)

8

இயக்குநர் “யோசிச்சுச் சொல்றேன்” என்றார். இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறார். துறைத் தலைவர் நாற்காலி காலியாகவே இருக்கிறது. உண்மை இங்கே நின்றுவிட்டதால் முடிவுக்கு நான் பொறுப்பாகிறேன். மூன்று எழுதினேன்.

முதல் முடிவு: மறு ஆய்வுக்கு அனுமதி மறுக்கிறார்கள். அண்ணி வேலையை விட்டுவிட்டு வெளியே வருகிறாள். வாசல் காவலாளி எழுந்து நிற்கிறார்.

இரண்டாம் முடிவு: மறு ஆய்வு நடக்கிறது. சுத்தமான வெள்ளைக் கூட்டத்தோடு ஒப்பிட்டால் மஞ்சள் கூட்டத்தின் கல்லீரலில் கோளாறு தெரிகிறது. பாக்கெட்டுகள் கடைக்கு வராமலே போகின்றன. குழந்தைகள் பிழைக்கிறார்கள். அண்ணிக்கு நாற்காலி கிடைக்கிறது.

மூன்றாம் முடிவு: மறு ஆய்வு நடக்கிறது. அந்தப் பொருளால் ஒரு தீங்கும் இல்லை என்று தெரிகிறது. பழைய அறிக்கையில் இருந்த அதே வாக்கியத்தை அண்ணி எழுத்து மாறாமல் மறுபடி எழுதுகிறாள். இந்த முறை கையெழுத்துப் போடுகிறாள்.

மூன்றாவதுதான் சிறந்தது என்று எனக்குத் தோன்றியது. அண்ணியிடம் மூன்றையும் கொடுத்தேன். பால்கனியில் நின்றபடி படித்தாள்.

“காவலாளி எழுந்து நிக்க மாட்டார்,” என்றாள். “அவருக்கு முட்டிவலி.”

“அதை விடுங்க அண்ணி. எந்த முடிவு?”

“மூணும் ஒண்ணுதான்.”

“எப்படி? ஒண்ணுல வேலை போகுது, ஒண்ணுல—”

“மூணுலயும் நான்தான் பெரிய ஆளு. வேலை போனாலும் பெரிய ஆளு, ஜெயிச்சாலும் பெரிய ஆளு, ஒண்ணும் ஆகலன்னாலும் பெரிய ஆளு. சிவப்பு, மஞ்சள், வெள்ளை மூணுக்கும் ஒரே மீன்தூளைப் போட்டிருக்க நீ.” தாள்களை என் கையில் கொடுத்தாள். “உன் கதைக்கு கண்ட்ரோல் எங்க?”

9

கண்ட்ரோல் எழுத முயன்றேன். என் பெருமை கலக்காத ஒரு வடிவம். அதில் அண்ணி சாதாரணமானவள். மூட்டையை வெட்டுகிறாள், நாறவில்லை, தோளைக் குலுக்குகிறாள், அப்புறப்படுத்தச் சொல்கிறாள். திங்கட்கிழமை

“திங்கட்கிழமை காலை அவள் பேனாவைத் திறந்து, அறிக்கையின் கடைசிப் பக்கத்தைப்

“அவள் பேனாவைத் திறந்தாள். ஒரு கணம்

“பேனாவைத் திற

முடியவில்லை. அந்தக் கை எனக்குத் தெரியும். மூடியைக்கூட என்னால் கழற்ற வைக்க முடியவில்லை. மற்றவர்களால் முடியலாம். அவள் வீட்டில் சோறு தின்னாத, அவள் கிண்ணத்தை முகராத ஒருவரால்.

இதற்கிடையில் அவள் சும்மா இருக்கவில்லை. அனுமதி வருவதற்கு முன்பே புதுத் தீனிக்குச் செய்முறை எழுதிவிட்டாள். மீன்தூளைத் தூக்கிவிட்டுப் பால் புரதம். அந்தப் பால் புரதத்தை விற்கிறவரை, அவருக்கு விற்கிறவரை, அவருக்கும் விற்கிறவரை எல்லோரையும் போனில் வறுத்தெடுத்தாள். எங்கள் சமையலறையில் கொஞ்சம் செய்து, வெயில் படும்படி பால்கனியில் ஒரு தட்டில் பரப்பி வைத்தாள். பக்கத்தில் எங்கும் எதையும் வைக்கக் கூடாது என்று உத்தரவு. அண்ணன் தினமும் அந்தத் தட்டைச் சுற்றி வளைந்துபோய்த்தான் துணி காயப்போட்டான்.

நேற்றுக் காலை பால்கனியிலிருந்து ஒரு கூச்சல்.

“நாறுது! டேய், எல்லாரும் வாங்க! நாறுது!”

அண்ணனை அவள் “டேய்” என்று கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. அவன் முகத்தில் சோப்பு நுரையோடு ஓடினான். நான் ஓடினேன். பழைய எண்ணெய்ச் சட்டியை ஒரு மாதம் மூடிவைத்துத் திறந்த மாதிரி ஒரு வாடை, கண்ணே எரிந்தது. மாடி வீட்டு அம்மா ஜன்னலைப் படாரென்று சாத்தினார். அண்ணி தட்டைக் குழந்தையைப் போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

“எவ்வளவு சுத்தமா நாறுது பாரு,” என்றாள். “உள்ள ஒருத்தனும் இல்ல.”

“இதைத் தின்னு பாக்கட்டுமா?” என்றான் அண்ணன்.

மூன்று பேரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு அந்தப் பால்கனியில் சிரித்தோம். நாற்காலியைப் பற்றியோ இயக்குநரைப் பற்றியோ யாரும் பேசவில்லை.

என்னால் இதற்குமேல் எழுத முடியாது. எழுதினால் இன்னும் கொஞ்சம் பெருமையைக் கலந்துவிடுவேன். கை அப்படிப் பழகிவிட்டது. என் கதை இப்போது நல்ல வாசனையாக இருக்கிறது என்று எனக்கே தெரிகிறது. அண்ணியிடம் பாடம் கேட்டவளுக்கு அது நல்ல அறிகுறி அல்ல.

ஆகவே வெள்ளை அட்டையை உங்கள் வாசலில் மாட்டுகிறேன். நீங்கள் எங்கள் வீட்டில் சாப்பிட்டதில்லை. அவள் உங்களுக்கு அண்ணி இல்லை. அறிக்கை மேசையில் இருக்கிறது, பேனா பக்கத்தில் இருக்கிறது, மூட்டையை வெட்டியவரைத் தவிர யாருக்கும் எதுவும் தெரியாது. அடுத்த வரியை நீங்கள் எழுதுங்கள். எழுதியதை வெக்கையான ஓர் இடத்தில் கொஞ்ச நாள் திறந்து வையுங்கள்.

பிறகு ஒருநாள் குனிந்து முகர்ந்து பாருங்கள். நாறினால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள், அண்ணியிடம் காட்ட வேண்டும்.